ஞானகுமாரி சைக்கிள் கற்றுக்கொண்டது

ஞானகுமாரி பூந்தமல்லியில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வீடு நசரத்பேட்டையில். காலை நேரத்துப் பஸ்கள் காஞ்சிபுரத்திலிருந்தே பிதுங்கிக்கொண்டு வந்து, கை காட்டினாலும் நிற்காமல் போய்விடும். ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ள அவளால் முடியாது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு உடம்பு கனத்திருந்தது. கொஞ்சம் வேகமாக நடந்தாலே மூச்சு வாங்கும். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மை விழாத வாரம் இல்லை. தலைமை எழுத்தர் பரந்தாமன் அதைப் போடும்போது, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி தொண்டையைச் செருமிக்கொள்வார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் சண்முகசுந்தரம் புது அதிகாரியாக வந்தார். வந்த வாரமே அவளைக் கூப்பிட்டார். மெமோதான் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

"ஏம்மா தினமும் லேட்டாகுது?"

சொன்னாள். அவர் மெமோ எதுவும் எழுதவில்லை. மறுநாள் காலை அவள் பஸ்ஸுக்கு நின்றபோது அவரும் வந்து பக்கத்தில் நின்றார். பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்காமல் போயின.

"இதுல உங்க தப்பு எதுவும் இல்லையே. ஆபீஸ் நேரத்தை மாத்த எனக்கு அதிகாரம் கிடையாது. வேற வழி இருந்தா யோசிங்க, என்னால ஆனதைச் செய்யறேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை யாரும் வந்து பார்த்ததில்லை.

அவள் கணவன் ஆரோக்கியசாமிக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை. அவன்தான் வழி சொன்னான்.

"சைக்கிள் கத்துக்கோயேன்."

"இந்த வயசுலயா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கிறவன் உன்ன இட்டுகினு போயி ஆபீஸ்ல உடப்போறானா? நான் புடிச்சிக்கிறேன், நீ ஓட்டு."

கூட வேலை செய்பவரிடமிருந்து ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் கொண்டுவந்தான். விடியற்காலையில் மாதா கோயில் மைதானத்தில் பழகினாள். முழங்கை சிராய்ந்தது, விரல் நசுங்கியது. விடவில்லை.

அலுவலகத்துக்கு ஓட்டிய முதல் நாளே, டீக்கடைக்கு எதிரே புடவை செயினில் மாட்டிக்கொண்டது. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பக்கமாக வந்த கீரைக்காரி முனியம்மா கூடையை இறக்கி வைத்தாள்.

"இன்னாத்துக்குடா பல்ல காட்டறீங்க? போயி அவனவன் வேலய பாருங்க!" குனிந்து புடவையைப் பக்குவமாக விடுவித்தாள். "முந்தானைய இஸ்து சொருகிக்கோ, கண்ணு. ஏறு, ஒண்ணியும் ஆவாது."

அலுவலகத்தில் பரந்தாமன் அதிகாரியிடம் போய்ச் சொன்னார்: "பொம்பளை சைக்கிள்ல வந்தா ஆபீஸ் மானம் என்னாகும் சார்?"

"மனு வாங்கற ஜன்னல் திறக்கிற நேரத்துக்கு ஆள் சீட்ல இருக்காங்க. மானம் அதுல இருக்கு," என்றார் அவர். அடுத்த மாதம் கொல்லைப்புறத்தில் சைக்கிள்களுக்கு ஓலைக்கூரை போட ஏற்பாடு செய்தார்.

சில மாதங்களில் மூச்சு வாங்குவது நின்றது. இரவில் அடித்துப்போட்டாற்போலத் தூக்கம் வந்தது. வேலை வாங்கத் தெரிந்தவர் அதட்டுவதில்லை, தடையைத்தான் அகற்றுகிறார் என்று தட்டச்சு செய்யும்போது அவளுக்குத் தோன்றும்.

ஒரு நாள் வேலைநிறுத்தம்; எங்கும் பஸ் ஓடவில்லை. நேரத்துக்கு வந்தவர்கள் அவளும் அதிகாரியும்தான். சென்னீர்குப்பத்திலிருந்து நடந்தே வந்த சொர்ணம் என்ற அம்மாள் ஜன்னலருகே தவித்துக்கொண்டிருந்தாள். மகனுக்கு வேலை கிடைத்திருந்தது. அங்கே கேட்ட சான்றிதழை அன்றைக்கே கொடுத்தாக வேண்டும். ஞானகுமாரி உட்கார்ந்து அடித்துக்கொடுத்தாள். அதிகாரி கையெழுத்துப் போட்டு, முத்திரையையும் தாமே குத்தினார்.

"நீ நல்லாருக்கணும்மா," என்று சொர்ணம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

உச்சி வெயிலில் பரந்தாமன் வந்து சேர்ந்தார். பஸ் வரும் வரும் என்று நின்றுவிட்டு, திருமழிசையிலிருந்து நடை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஞானகுமாரி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, கொல்லைப்புறத்தில் நின்ற அவள் சைக்கிளை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, கத்துக்கறது ரொம்பக் கஷ்டமா?"

"விழறதுக்கு பயப்படலேன்னா சீக்கிரம் வந்துரும் சார்."

பரந்தாமன் முதல்முறையாக அவளைப் பார்த்துச் சிரித்தார்.

மாலையில் கிளம்பும்போது அவள் அதிகாரியிடம், "ரொம்ப நன்றி சார்," என்றாள். அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

"எதிர்காத்து அடிக்குது. பார்த்து மிதிச்சுப் போங்கம்மா," என்றார்.