நாற்பத்தொரு கிலோமீட்டர்

அந்த ஜெர்மன் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில், எஞ்சின் போய்விட்டது என்று வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசுவதற்கென்றே ஒருவன் இருந்தான். பட்டறையில் அவனுக்குப் பெயர் மயிலிறகு. தலைமை மெக்கானிக் வைத்த பெயர். கழுத்தை அறுப்பதைக்கூட மயிலிறகால் வருடுவதுபோலச் செய்கிறவன் என்பார் அவர். அறுபட்ட ஆள் வெளியே போகும்போது அவன் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போவார். அப்படி ஒரு கெட்டிக்காரன்.

அந்த மாடல் எஞ்சினில் ஒரு கோளாறு இருந்தது. உள்ளே பேரிங் சீக்கிரம் தேயும், ஆயில் பிரஷர் இறங்கும், கடைசியில் எஞ்சின் மொத்தமாக இறுகிப்போகும். கம்பெனிக்கு அது தெரியும், மயிலிறகுக்கும் தெரியும். ஆசை ஆசையாக வாங்கியவர்களுக்கு மட்டும்தான் தெரியாது. பட்டறையின் பின்பக்கம் தார்ப்பாயைப் போட்டு மூடி அப்படிப்பட்ட எஞ்சின்கள் பதினான்கு கிடந்தன. தலைமை மெக்கானிக் அந்த இடத்தைப் பிணவறை என்பார். புது எஞ்சின் போடுவதென்றால், கம்பெனியிடமே வாரண்டியோடு பழைய கார் வாங்கியவர்களுக்குக் கிட்டத்தட்ட இன்னொரு கார் வாங்குகிற செலவு.

வாரண்டி எதற்கு இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எல்லாரும் அப்படித்தான் கேட்டுக்கொண்டு வருவார்கள். வாரண்டி புத்தகத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு. டாஷ்போர்டில் ஆயில் எச்சரிக்கைக்கான சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் வண்டியை ஓட்டினால் கம்பெனி பொறுப்பில்லை. எத்தனை தூரம் ஓடியது என்பதை வண்டியில் இருக்கிற கம்ப்யூட்டர் எழுதி வைத்துக்கொள்ளும். ஆனால் அதை மட்டும் நம்பிக் கம்பெனி கோர்ட்டுக்குப் போய் இரண்டு முறை மூக்குடைபட்டிருந்தது. 'விளக்கே எரியவில்லை, உங்கள் மெஷின் பொய் சொல்கிறது' என்று வாடிக்கையாளர்கள் அடித்துப் பேசி ஜெயித்துவிட்டார்கள். அதனால் அந்த வார்த்தை அவர்கள் வாயிலிருந்தே வரவேண்டும், அதுவும் ரெக்கார்டர் ஓடும்போது வரவேண்டும். அதற்குத்தான் மயிலிறகு.

ஏசி அறையில் உட்காரவைப்பான், காபி கொடுப்பான். நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் போட்டுக்கொள்வான். "நடுரோட்ல நின்னிருந்தா எவ்ளோ கஷ்டம் சார்! வீட்டுக்காரங்க வேற வண்டியில. பத்திரமான இடம் வரைக்கும் மெதுவா ஓட்டிட்டு வந்துட்டீங்களோ?" என்பான். பாவம், யாராவது நம் கஷ்டத்தைக் கேட்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருக்கிற மனிதர் உருகிப்போவார். "ஆமா சார், ஒரு ரெண்டு கிலோமீட்டர்தான், அந்த பாலம் வரைக்கும்." அவ்வளவுதான், கதை முடிந்தது. ரிட்டயரான பேங்க் மேனேஜர், பிள்ளைபெற்ற வாரத்தில் வந்த ஒரு டாக்டரம்மா எல்லாரும் இப்படித்தான் விழுந்தார்கள். பொய் சொல்லத் தெரிந்தவன் எவனும் அந்த அறையில் நஷ்டப்பட்டதில்லை. நேர்மையானவர்கள்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

விசாரணைப் படிவத்தில் கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. விளக்கு எரிந்தபின் யாரிடமாவது ஆலோசனை கேட்டீர்களா? கம்பெனி ஆள் யாராவது 'ஓட்டுங்கள்' என்று சொல்லியிருந்தால் எஞ்சின் செலவு கம்பெனி தலையில் விழும், சொன்ன ஆளின் வேலை அன்றைக்கே போகும். ஒன்பது வருடத்தில் யாரும் அதற்கு ஆமாம் என்று சொன்னதில்லை. மயிலிறகு அந்தக் கேள்வியைக் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்பான்.

பதினைந்தாவது எஞ்சின் அவனுடைய அத்தானுடையது.

அக்கா வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் கார்களை ஓட்டியவர். பெரிய ஹோட்டல் ஒன்று, விருந்தாளிகளை விமான நிலையத்துக்குக் கொண்டுபோக வர ஆள் தேடியது. சொந்தமாக அந்த ஜெர்மன் கார் வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எந்த வண்டி வாங்கலாம் என்று அவர் மச்சினனிடம்தான் கேட்டார். "கண்ணை மூடிட்டு வாங்குங்க அத்தான், இரும்பு மாதிரி எஞ்சின்" என்று சொன்னவன் மயிலிறகு. அந்த மாதம் விற்பனைப் பிரிவு அவனுக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தது. அக்கா பத்து வருடமாக நடத்திவந்த தையல் கடையை விற்றாள். ஒரே ஒரு மெஷினை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள்.

அத்தான் அந்த வண்டியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். சர்வீஸுக்கு ஒருநாள் தள்ளிப்போனதில்லை. உள்ளே ஏறும்போது செருப்பைக் கழற்றித் தட்டிவிட்டுத்தான் ஏறுவார். அப்படிப்பட்டவருக்கு ஒரு மத்தியானம், பின்சீட்டில் விமானம் பிடிக்கப் போகிற வெளிநாட்டுத் தம்பதி உட்கார்ந்திருக்கும்போது, சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே வண்டியை ஓரங்கட்டி மச்சினனுக்குப் போன் போட்டார்.

மயிலிறகு அப்போது மேலதிகாரியுடன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாயில் சோறு. "அது சென்சார் கோளாறு அத்தான். இந்த வண்டியில சும்மா சும்மா எரியும். நீங்க ஓட்டுங்க" என்றான். அத்தான் ஓட்டினார். நாற்பத்தொரு கிலோமீட்டர் ஓட்டினார். விமான நிலையத்து வாசலில் அந்தத் தம்பதியை இறக்கிவிட்டு, அவர்கள் பெட்டிகளையும் எடுத்துக் கொடுத்த பிறகு எஞ்சின் இறுகிப்போனது.

விசாரணை திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மயிலிறகு அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். போகாமல் எப்படி? அந்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்று எல்லாக் கிளைகளுக்கும் பயிற்சி கொடுக்க ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்க வந்தவர். மயிலிறகின் பெயர் பட்டியலில் முதலில் இருந்தது.

பக்கத்து அறையில் அக்காவின் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் முகத்தில் நாலைந்து நாளாக இல்லாத சிரிப்பு.

"மாப்ள, உங்க பெரிய மெக்கானிக்கைப் பாத்தேன். கம்பெனி ஆளே ஓட்டச் சொல்லியிருந்தா எஞ்சினை ஓசியில மாத்தித் தருவாங்களாமே! இங்க பாரு, போன்ல எல்லாம் அப்படியே இருக்கு. பன்னெண்டு பத்துக்குப் பேசியிருக்கோம். ரெண்டு நிமிஷம்."

மயிலிறகு போனை எட்டிப் பார்த்தான். ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நாற்காலியை நகர்த்தி அத்தானுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

"தாராளமா சொல்லுங்க அத்தான். உண்மையைத்தானே சொல்றீங்க."

"உனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"என்னை விடுங்க. வேலையை விட்டு அனுப்புவாங்க. இந்த வயசுல வேற எவனும் சேத்துக்க மாட்டான், அதுவும் நெசம்தான். பிள்ளைங்க ஸ்கூலை மாத்திடலாம். அதெல்லாம் பெருசா? உங்க வண்டிதான் முக்கியம்."

அத்தானுடைய சிரிப்பு மெல்ல அடங்கியது. மயிலிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல மேலே பேசினான். "அக்காதான் தாங்க மாட்டா. அம்மா போனதுக்கப்புறம் என்னைத் தூக்கி வளத்தவ. புருஷன் சொன்னதால தம்பிக்கு வேலை போச்சுன்னு தெரிஞ்சா... சரி, அதை விடுங்க."

அத்தான் மெஷின் சத்தம் வந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வேற வழியே இல்லையா மாப்ள?"

"கம்பெனி மனசு வெச்சா பாதி விலைக்கு எஞ்சின் தர வழி இருக்கு. பயிற்சி வேலை மட்டும் எனக்குக் கிடைச்சுட்டா, நானே எழுதி வாங்கித் தந்துடுவேன். ஆனா அதுக்காக நீங்க ஒண்ணும் மாத்திச் சொல்ல வேணாம். உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் சொல்லுங்க."

அத்தான் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த அழைப்பை அழிக்கப் பார்த்தார். அவருக்கு அது தெரியவில்லை, வேறு எதையெதையோ அமுக்கினார். மயிலிறகு போனை வாங்கி எங்கே அமுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தான்.

மறுநாள் ஏசி அறையில், தலைமை அலுவலகத்துக்காரர் மூலையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அத்தான் சலவைச் சட்டையில் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றப் போனவரைக் காவலாள் தடுத்து உள்ளே அனுப்பினார். சொந்தக்காரர்கள் என்று காட்டிக்கொள்ளக் கூடாது என்பது முன்பே பேசிவைத்ததுதான். ஆனாலும் அவர் "வணக்கம் சார்" என்று மச்சினனைப் பார்த்துக் கைகூப்பினார்.

முடிவு முன்கூட்டியே தெரிந்த விஷயம். இரண்டு கேள்வி கேட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் பார்க்க ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும்போது மயிலிறகுக்குக் கை சும்மா இருக்குமா? காபி வரவழைத்தான். "ஏசி குளிருதா சார்? குறைக்கச் சொல்லட்டுமா?" என்றான். எத்தனை வருடமாக டிரைவர் தொழில் என்று விசாரித்தான். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு விபத்துகூட இல்லை என்றதும் எழுந்து கைகொடுத்தான்.

"வெளிநாட்டுக்காரங்களை நடுவழியில இறக்கிவிட உங்களுக்கு மனசு வந்திருக்காது. இல்லீங்களா சார்?"

"ஆமா சார்."

"அவங்க விமானத்தைப் பிடிக்கணுமேன்னு ஓட்டிட்டீங்க."

"ஆமா சார். சிவப்பு விளக்கு எரிஞ்சுது. நான் பாத்தேன். பாத்துட்டும் ஓட்டினேன். நாப்பத்தோரு கிலோமீட்டர்."

கேட்காததையும் சேர்த்துச் சொன்னார் மனிதர். தலைமை அலுவலகத்துக்காரர் பேனாவை மூடிவைத்துவிட்டு ரசிக்க ஆரம்பித்தார்.

"கடைசியா ஒண்ணு. விளக்கு எரிஞ்சதும் யார்கிட்டயாவது யோசனை கேட்டீங்களா?"

அத்தான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் மயிலிறகு தாங்கிக்கொண்டிருப்பான். இப்போதுகூட நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாயா என்று பார்த்தார். மயிலிறகு படிவத்தில் தேதியை எழுதினான்.

"இல்ல சார். யாரையும் கேக்கல."

"ரொம்ப நன்றி சார். இங்க ஒரு கையெழுத்து."

வாரண்டி விண்ணப்பம் தள்ளுபடியானது. பயிற்சி வேலை மயிலிறகுக்குக் கிடைத்தது. பாதி விலை எஞ்சினுக்கு அவன் கடிதமும் எழுதினான், பொய் சொல்லக் கூடாது. எழுதிவிட்டு உட்கார்ந்து யோசித்தான். புதுப் பதவியில் முதல் சிபாரிசே சொந்தக்காரனுக்கு என்றால் யாராவது தோண்டுவார்கள், தோண்டினால் எல்லாம் வெளியே வரும். கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டான். 'கம்பெனி மறுத்துவிட்டது' என்று அத்தானிடம் சொன்னான். ஹோட்டல் வேறு ஆளைப் பிடித்தது. வண்டி உதிரிப் பாகங்களுக்குப் போனது. அத்தான் ஐம்பத்தொரு வயதில் தண்ணீர் லாரி ஓட்டப் போனார்.

பதவி உயர்வைச் சொல்ல அக்கா வீட்டுக்குப் போனபோது, அவள் தம்பியின் தலையைத் தடவிக் கொடுத்தாள். "எங்களுக்காக எவ்ளோ அலைஞ்சிருப்பே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"தெரியாம ஓட்டினேன்னு சொன்னாக்கூட மனசு ஆறும். விளக்கைப் பாத்துட்டு ஓட்டியிருக்கீங்க! தம்பி அங்கயேதானே வேலை பாக்கறான்? அவனுக்கு ஒரு போன் போட்டுக் கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு? என் கடையையே முழுங்கிட்டீங்களே!"

அத்தான் லாரிக்குப் போட்டுப்போகிற சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"தோணல" என்றார்.

மயிலிறகு அக்கா கொடுத்த காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தான். அவள் வாசல்வரை வந்து வழியனுப்பினாள். அத்தான் வரவில்லை.

இப்போது அவன் ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்துகிறான். பாடத்துக்கு ஒரு மாதிரி வேண்டுமே, அதைத் தலைமை அலுவலகமே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. ஒன்பது வருட ஒலிப்பதிவுகளில் இதைவிடச் சுத்தமானது கிடையாதாம். மயிலிறகு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். 'ஏன்' என்று கேட்டார்கள். அவன் பதிவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். அந்தப் பதிவை இதுவரை பதினோரு ஊர்களில் போட்டுக் காட்டியிருக்கிறான். 'நாப்பத்தோரு கிலோமீட்டர்' என்று அத்தான் சொல்லும் இடத்தில் எல்லா ஊரிலும் சிரிப்பார்கள். கேட்காமலே கொட்டிவிட்டானே இந்த ஆள் என்று சிரிப்பார்கள். மயிலிறகும் கூடச் சிரிப்பான்.

பன்னிரண்டாவது ஊரில், முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். வேலைக்குப் புதிது, குறிப்பேடும் கையுமாக இருந்தாள்.

"சார், கடைசிக் கேள்விக்கப்புறம் நாலு செகண்டு சத்தமே இல்ல. நான் எண்ணிப் பாத்தேன். அந்த இடத்துல அவர் என்ன பண்றார்?"

அறையே அவனைப் பார்த்தது. மயிலிறகு மேசைமேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தான்.

"யாரைக் கேட்டோம்னு யோசிச்சுப் பாத்திருப்பார்" என்றான். "கேக்கறதுக்கு அவருக்கு யாரும் இல்லம்மா."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு அதை எழுதிக்கொண்டாள். பின்வரிசைக்காரர்கள் சரியாகக் காதில் விழவில்லை என்று சொன்னதால், அவன் பதிவை முதலிலிருந்து இன்னொரு முறை சத்தமாக ஓடவிட்டான்.