எலும்புக்குச் சில்லறை வியாபாரம்தான்

நெப்ராஸ்காவில் மாட்டு ஏலம் கூவுகிற லாய்ட் ஸ்வோபொடாவுக்கு மார்ச் மாதம் ஆஸ்பத்திரியில் கழுத்தில் கத்தி வைத்தார்கள். இரண்டு எலும்பை ஒன்றாகச் சேர்த்துத் தகடு அடித்தாயிற்று. எலும்பு ஒட்டினால் அக்டோபர் கன்று ஏலத்தில் மேடை ஏறலாம். ஒட்டாவிட்டால் மறுபடி கத்தி, மேடையில் வேறு ஆள்.

ஒட்டுவதற்காக டாக்டர் பெக் ஒரு பட்டி கொடுத்திருந்தார். கழுத்தில் மாட்டினால் காந்த அலை எலும்பைத் தட்டி எழுப்புமாம். தினம் நாலு மணி நேரம். சூடும் தெரியாது, குறுகுறுப்பும் தெரியாது. லாய்டுக்கு அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

ஜூன் மாத எக்ஸ்ரே படத்தில் எலும்புக்கு நடுவே கறுப்புக் கோடு அப்படியே கிடந்தது. பட்டி தானாகக் குறித்துவைத்த நேரத்தை டாக்டர் எடுத்துப் பார்த்தார். வாராவாரம் வெள்ளி, சனி சைபர். ஞாயிறு பன்னிரண்டு மணி நேரம்.

"என்ன லாய்ட் இது?"

"மூணு நாளை ஒரே லாட்டா தள்ளிட்டேன் டாக்டர். மாட்டை அப்படித்தானே விக்கறோம்?"

"எலும்பு மொத்த வியாபாரம் பண்ணாது. தினசரி சில்லறைதான். செப்டம்பர் வரைக்கும் பாப்பேன். அப்புறம் ஆபரேஷன்தான்."

வெளியே வந்ததும் மனைவி டோரீன் பிடித்துக்கொண்டாள். "ஊருக்கே விலை சொல்ற ஆளு, சொந்தக் கழுத்தை அடிமாட்டு விலைக்குக் குடுத்துட்டு வர்றியா?"

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் அவளே பட்டியை மாட்டிவிட்டாள்.

"நாலு மணி நேரம் சும்மா உக்காந்தா செத்துடுவேன்டி."

"பட்டி கழுத்துலதானே இருக்கு, வாயில இல்லையே? கூவு!"

லாய்ட் சமையலறைச் சாமான்களை ஏலம் விட்டார். டோரீன் கரண்டியைத் தூக்கித் தூக்கி விலை ஏற்றினாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் காபிக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தர் லாய்டின் சாய்வு நாற்காலியை நிஜமாகவே ஏலத்தில் எடுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். டோரீன் தடுக்கவில்லை, கதவைத் திறந்து பிடித்தாள். ஒரு நாள்கூடத் தவறாமல் ஏலம் நடந்தது.

செப்டம்பர் படத்தை டாக்டர் வெளிச்சப் பலகையில் மாட்டினார்.

"பாருங்க," என்றார் டாக்டர். கோடு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பாலம். "ஒட்டிடுச்சு. போய்க் கூவுங்க."

டோரீன் அதற்குள் ஏலக்கொட்டகைக்குப் போன் போட்டிருந்தாள். "வேற ஆள் பாக்காதீங்க! எங்க ஆளு வர்றாரு!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு லாய்ட் கையை நீட்டினார். "போனைக் குடுடி. முதல்ல எந்தக் கன்னு ஏறுதுன்னு நானே கேட்டுக்கறேன்."