ஒன்றரைச் சாண் வலது

இசைவாணி போலீஸ் வேலைக்குப் போனதைக்கூட அவள் அம்மா ஒருவாறு ஏற்றுக்கொண்டாள். மகள் துப்பாக்கி சுடுவதில் பேர் வாங்கினாள் என்பதைத்தான் கடைசிவரை நம்பவில்லை. சின்னாளபட்டியில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த பிள்ளை, பட்டாசு வெடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிய பிள்ளை. ஆனால் தொண்ணூற்றுநான்கில் பயிற்சிக்குப் போன இடத்தில், த்ரீ நாட் த்ரீ துப்பாக்கி உதைத்த உதையில் மற்ற பெண்களெல்லாம் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவள் சுட்ட குண்டுகள் மட்டும் குறி அட்டையில் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கியிருந்தன.

திண்டுக்கல் ஆயுதப்படைக்கு வந்ததும் மாவட்ட அணியில் சேர்த்துக்கொண்டார்கள். கன்னிவாடி தாண்டி மலையடிவாரத்தில் இருந்தது சுடும் தளம். நூறு கெஜத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. முந்நூறு கெஜத்துக்குப் பின்வாங்கிப் படுத்தபோதுதான் வினை ஆரம்பித்தது.

காற்று.

பாலக்காட்டுக் கணவாயில் நுழையும் மேல்காற்று பழனியையும் ஒட்டன்சத்திரத்தையும் கடந்து, தடுக்க ஒன்றுமில்லாத சமவெளியில் வேகம் பிடித்து, ஆனி பிறந்தால் ஆவணிவரை அந்தத் தளத்தைக் குறுக்காக அறுத்துக்கொண்டு போகும். மலையைப் பார்த்துப் படுத்தால் அது வலப்பக்கமிருந்து வரும். குண்டு முந்நூறு கெஜத்தைக் கடப்பதற்குள் அதை ஒரு சாண், சில நேரம் ஒரு முழம்கூட இடப்பக்கம் தள்ளிவிடும். அந்தத் துப்பாக்கியின் குறிப்பார்வையை ஏற்றலாம், இறக்கலாம். பக்கவாட்டில் நகர்த்த வழியில்லை. ஆகவே நடுவிலுள்ள கறுப்பு வட்டத்தில் பட வேண்டுமானால் கறுப்பைப் பார்க்கக்கூடாது. காற்று வரும் பக்கமாகத் தள்ளி, ஒன்றுமே இல்லாத வெள்ளையைக் குறிபார்க்க வேண்டும்.

இசைவாணியால் அதைத்தான் செய்ய முடியவில்லை. எவ்வளவு தள்ளுவது? பத்து விநாடிக்கு முன்னால் இருந்த காற்று இப்போது இல்லை. படுத்திருக்கும் இடத்தில் ஒரு காற்று, நடுவிலிருக்கும் ஓடையில் ஒரு காற்று, மலையில் மோதித் திரும்பி அட்டைக்குப் பக்கத்தில் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு காற்று. அங்கே நட்டிருந்த சிவப்புக் கொடியை நம்பிச் சுட்டால், அட்டைக்கடியில் பள்ளத்தில் இருந்துகொண்டு குண்டு பட்ட இடத்தைக் கம்பால் காட்டுகிறவர், அந்தக் கம்பை எங்கோ ஓர் ஓரத்தில் தூக்கிக் காட்டுவார்.

“கைய கட்டிப் போட்ட மாதிரி அசையாமப் பிடிக்கிற. கண்ணும் நல்லாத்தான் இருக்கு. காத்தப் பாக்க மாட்டேங்குறியேம்மா,” என்று அணிக்குப் பொறுப்பாக இருந்த எஸ்.ஐ. சூசைமாணிக்கம் அலுத்துக்கொண்டார். ஒருநாள் அவர், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு பெண் காவலரான செபாஸ்தியம்மாளை அழைத்து, பைனாகுலரைக் கையில் கொடுத்து, இவளுக்குப் பக்கத்தில் படுக்கச் சொன்னார்.

செபாஸ்தி இவளைவிட ஒரு வயது மூத்தவள். நெடுநெடுவென்று உயரம், எடுத்தெறிந்து பேசும் வாய். அவளும் நன்றாகச் சுடுவாள். விசையை மட்டும் அவசரத்தில் வெடுக்கென்று இழுத்துவிடுவாள். அன்றைக்குப் பைனாகுலரைக் கண்ணில் வைத்து வெகுநேரம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பாக்குற?” என்றாள் இசைவாணி.

“கானல. தரையில இருந்து தண்ணி மாதிரி ஓடுதுல்ல, அது எந்தப் பக்கம் சாயுதுன்னு பாக்குறேன். கொடிய விடு, அது மலை சொல்றதக் கேட்டுக்கிட்டு ஆடுது. ஓடையில நிக்கிற புல்லுதான் நெசத்தச் சொல்லும். செத்த பொறு... பொறு... இப்ப. ஒன்றரைச் சாண் வலது.”

இசைவாணி குறியைக் கறுப்பிலிருந்து நகர்த்தினாள். வெறும் வெள்ளை. மனசு வரவில்லை.

“போடுடி. நான் சொல்றேன்ல.”

விசை விழுந்தது. பள்ளத்திலிருந்து எழுந்த கம்பு கறுப்பின் நடுவில் போய் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில் சூசைமாணிக்கம், “இது தளமா, கல்யாண வீடா?” என்று அதட்டினார்.

அதன்பின் மூன்று ஆடிகள் அவர்கள் அப்படித்தான் அடுத்தடுத்த பாயில் படுத்திருந்தார்கள். ஒருத்தி சுட்டால் மற்றவள் காற்றுச் சொல்வாள். விசையை வெடுக்கென்று இழுக்கும் பழக்கத்தை இசைவாணி பக்கத்திலிருந்தே மாற்றினாள். செபாஸ்தியின் விரல்மேல் தன் விரலை வைத்து, மெல்ல மெல்ல அழுத்திக் காட்டினாள். காற்றைக் கற்றுக்கொடுக்கத்தான் செபாஸ்திக்குத் தெரியவில்லை. “அத எப்பிடிடி சொல்றது? பாத்தா தெரியுது,” என்பாள். பயிற்சி முடிந்து நாகல் நகர் திரும்பும் பஸ்ஸில், தோள்வலியோடு ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து தூங்குவார்கள். இசைவாணி பெரும்பாலும் தூங்குவதில்லை. தன் தோளில் கிடக்கும் அந்தத் தலை விழித்துக்கொள்ளக் கூடாதே என்று, இறங்குமிடம் வரும்வரை அசையாமல் இருப்பாள்.

தொண்ணூற்றெட்டு மே மாதம் செபாஸ்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நாகர்கோவிலில் வாத்தியார். கல்யாணத்தோடு மாறுதலும் வாங்கியாயிற்று. மாதா கோயில் வாசலில், வெள்ளைச் சேலையும் முக்காடுமாக நின்றவள் இசைவாணியின் காதோரம் குனிந்து, “ஆடிக்கு வாரேன்டி,” என்றாள்.

வரவில்லை. வர முடியாது என்பது சொல்லும்போதே இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த ஆடியில் இசைவாணி தனியாகப் படுத்தாள். பக்கத்துப் பாயில் அணியின் வேறொரு காவலர் படுத்து, நல்ல மனதோடு, “ஒரு சாண் இருக்கும்க்கா... இல்ல, ரெண்டு இருக்கும்,” என்றார். அவள் அவரை வேண்டாமென்று எழுப்பிவிட்டாள். பைனாகுலரைத் தானே எடுத்துக் கானலைப் பார்க்கப் பழகினாள். பல மாதம் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒருநாள் புரிந்தது. ஓடையின் புல் சாய்ந்து நிமிர்கிற அந்த இடைவெளியில் கானல் நேராக எழும்பியது தெரிந்தது. சந்தோஷத்தில் “பாத்தியா!” என்று பக்கத்தில் திரும்பினாள். பாய் காலியாகக் கிடந்தது.

இரண்டாயிரத்தில் அவளுக்கும் கல்யாணமானது. கணவன் பொம்மையன் மின்வாரியத்தில் லைன்மேன், சாதுவான மனிதன். அவளை அவன் ஒன்றுக்கும் கட்டாயப்படுத்தியதில்லை. மாடியில் துணி காயப்போடப் போனவள் கொடியில் ஆடும் சேலையைப் பார்த்தபடி நெடுநேரம் நிற்பதைக் கண்டு ஒருமுறை கேட்டான்.

“என்ன அங்க?”

“காத்துங்க.”

“காத்துல என்ன இருக்கு?”

அவள் அடுத்த சேலையை உதறிக் கொடியில் போட்டாள். அவனிடம் குறை ஒன்றுமில்லை, வேலையிலும் குறையில்லை. ஆனால் “இப்ப” என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் சொல்லும். அந்தச் சொல்லை நம்பி, கண்ணால் காணும் கறுப்பை விட்டுவிட்டு வெறுமையில் குண்டைப் போடலாம். அப்படி இன்னொருத்தியை நம்பிக் கிடந்த அந்த நிமிஷத்துக்காக அவள் ஏங்குகிறாள் என்று சொன்னால், யாருக்குத்தான் விளங்கும்?

இரண்டாயிரத்தொன்றில் தென் மாவட்டப் போலீஸ்காரர்களுக்கான துப்பாக்கிப் போட்டியை அதே தளத்தில் வைத்தார்கள். ஆடி மாதம். வேறு மாதம் கிடைக்கவில்லையா என்று எல்லா மாவட்டத்துக்காரர்களும் முணுமுணுத்தார்கள். காலையில் வேன்கள் வந்து நின்றபோது, கன்னியாகுமரி அணியின் வேனிலிருந்து முதலில் இறங்கியது செபாஸ்தி.

கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். முகத்தில் ஒரு சோர்வு. ஆனால் நடை அதே நடைதான். இசைவாணி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

“எப்படிட்டி இருக்க? மெலிஞ்சு போனியே,” என்றாள் செபாஸ்தி.

‘எப்படிடி’ போய் நாகர்கோவில் பக்கத்து ‘எப்படிட்டி’ ஆகியிருந்தது. இசைவாணிக்கு அந்த ஒரு எழுத்து எங்கோ குத்தியது. அவள் பதில் சொல்வதற்குள் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

முந்நூறு கெஜம், பெண்கள் பிரிவு. சீட்டுக் குலுக்கியதில் இருவருக்கும் அடுத்தடுத்த இடம் வந்தது. சுடும்போது யாரும் பேசக்கூடாது. காற்றுச் சொல்ல ஆள் கிடையாது. அவரவர் கண்ணே துணை. இசைவாணி படுத்தாள். மூன்று முழம் தள்ளிச் செபாஸ்தி படுத்தாள். துப்பாக்கி எண்ணெய் வாசனைக்கு நடுவே அவள் தலையிலிருந்து தேங்காயெண்ணெய் வாசனை காற்றோடு வந்தது.

முதல் சுற்று சுமாராகப் போயிற்று. இரண்டாவது சுற்றில் காற்று வெறிபிடித்து அடித்தது. புழுதி எழும்பி அட்டையையே மறைத்தது. கொடி ஒருபக்கம் விறைத்து நிற்க, ஓடைப் புல் மறுபக்கம் தாறுமாறாகப் புரண்டது. மற்ற மாவட்டத்துப் பெண்கள் நேரம் போய்விடுமே என்ற பயத்தில் சுட்டுத் தள்ளினார்கள். கம்புகள் ஓரங்களில் எழுந்து எழுந்து தாழ்ந்தன.

இசைவாணி இரண்டு குண்டு போட்டாள். இரண்டும் இடப்பக்கம் ஒதுங்கின. மூன்றாவதுக்குக் கானலைத் தேடினாள்; புழுதியில் கானலே இல்லை. பழைய தவிப்பு நெஞ்சுக்குள் ஏறியது. தன்னையறியாமல் ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தாள்.

செபாஸ்தி துப்பாக்கியிலிருந்து தலையை நன்றாகத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சுடவில்லை. காத்திருந்தாள்.

இசைவாணியும் விரலை விசையிலிருந்து எடுத்தாள். கடிகாரம் ஓடிற்று. அறிவிப்பு மேடையிலிருந்து ஒருவர் மீதி நேரத்தைச் சொன்னார். பின்னால் சூசைமாணிக்கம் பொறுக்கமாட்டாமல் செருமினார். இவள் அசையவில்லை. பக்கத்தில் அந்தத் தலை மெல்லத் தாழ்ந்து துப்பாக்கிக் கட்டையில் கன்னம் வைத்தது. அதே கணம் ஓடைப் புல் ஒருமுறை நிமிர்வதை இசைவாணியும் கண்டாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் “இப்ப” என்பது அவள் காதில் விழுந்தது. வெள்ளையில் ஒன்றரைச் சாண் தள்ளி விசையை அழுத்தினாள். இரண்டு வெடியும் ஒன்றாகக் கேட்டன.

இரண்டு கம்புகளும் கறுப்பின் நடுவில் எழுந்தன.

மீதிக் குண்டுகளையும் அப்படியே போட்டார்கள். தலை எழும், தாழும். இரண்டு வெடியும் சேர்ந்து கேட்கும். அட்டைகளை எண்ணிப் பார்த்ததில் இசைவாணி முதலாவது. ஒரே ஒரு புள்ளி குறைந்து செபாஸ்தி இரண்டாவது. மாநிலப் போட்டிக்கு முதலாவது வந்தவள் மட்டும்தான் போவாள்.

பரிசு கொடுத்து முடிந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருவருக்கும் கொஞ்ச நேரம் கிடைத்தது. செபாஸ்தி முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஒன்னயப் பாத்துத்தான் சுட்டேன்,” என்றாள் இசைவாணி. “ஒனக்குச் சேர வேண்டியது இது.”

“போடி இவளே. ஒன் விரலுக்கு விழுந்த குண்டு அது. மூணு முழம் தள்ளிப் படுத்துக்கிட்டு நானா விசைய இழுத்தேன்?” பழைய பேச்சு அப்படியே திரும்பி வந்திருந்தது. சேலை முனையில் முகத்தைத் துடைப்பதுபோல் கைக்குட்டையால் மெதுவாக ஒற்றிக்கொண்டாள். “நான் காத்திருக்கும்போது தலையத் தூக்குற ஆளு இல்ல, தெரியும்ல? கன்னத்த எடுத்தா மறுபடி வைக்கிறது கஷ்டம். இன்னிக்குத் தூக்குனேன்.”

இசைவாணி கையிலிருந்த பரிசைத் தொட்டி விளிம்பில் வைத்தாள்.

“பிள்ளைக்கு ரெண்டு வயசாச்சு. ஆபீஸ் டூட்டி கேட்டிருக்கேன். தளத்துப் பக்கம் போயே வருஷம் ஆகுது. இந்தத் தடவ திண்டுக்கல்லுன்னு போட்டிருந்தாங்க. அதான் பேரு குடுத்தேன்.”

“அப்ப அடுத்த வருஷம்?”

“இல்லடி.”

காற்று தொட்டித் தண்ணீரில் சின்னச் சின்னதாக அலையெழுப்பியது. வேன்காரர் ஹாரன் அடித்தார். செபாஸ்தி இவள் வலது கையை எடுத்து, ஆள்காட்டி விரலை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டு நடந்தாள். வேனில் ஏறும்போது திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள். இசைவாணியும் கையாட்டினாள். கூப்பிட்டு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் புழுதி எழுந்து ரோட்டை மூடிக்கொண்டது.

மாநிலப் போட்டியில் அவள் மூன்றாவதாக வந்தாள். அந்த ஊரில் காற்றே இல்லை. ஊருக்குத் திரும்பிய அன்று மாலை நாகல் நகர் எஸ்.டி.டி. பூத்துக்குள் போய் நாகர்கோவிலுக்குப் போன் போட்டாள். எடுத்தது குழந்தை. “யாரு?” என்று மழலையில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு ஓடியது. மீட்டரில் சிவப்பு எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் எங்கோ குக்கர் விசிலடித்தது, யாரோ பாத்திரம் கழுவினார்கள், “ஆரு போன்ல? மக்ளே, ஆரு?” என்று செபாஸ்தியின் குரல் இன்னோர் அறையிலிருந்து கேட்டது. இசைவாணி கூண்டின் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து, ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி நின்றாள். காலடிச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அது வந்து சேரும்வரை காத்திருந்தாள்.