குரல் உயர்த்தாத சீமாட்டி

நான் மொழிபெயர்த்த அத்தியாயத்தைப் பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஆங்கில நாவல் அது. பணக்காரச் சீமாட்டி ஒருத்தி, தன் மகன் கட்டிக்கொள்ள நினைக்கும் ஏழைப் பெண்ணை விருந்துக்கு அழைத்து, எல்லார் முன்பும் அவமானப்படுத்துகிறாள். நான் அவளை நன்றாகவே கத்த விட்டிருந்தேன். "பிச்சைக்கார நாயே" வரை போயிருந்தேன்.

"உங்க சீமாட்டி குழாயடிச் சண்டை போடுறா," என்றார் அவர் போனில். "அந்தக் காலத்து இங்கிலீஷ் நாவல்ல கத்துறவங்க தோத்தவங்க. மரியாதை குறையாமப் பேசியே ஆளைக் கொல்லணும். அந்தப் பொண்ணு பதிலும் அப்படித்தான். வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வரலேன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்."

வேறு ஆளா? இரண்டு வருடம் நச்சரித்து வாங்கிய நாவல். விடுவேனா?

புதன்கிழமை என் கணவரின் அக்கா வந்தார்; நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"வீடு அழகா இருக்கும்மா. சின்ன வீடுன்னா அது ஒரு வசதி, பெருக்க ஆரம்பிக்கும்போதே முடிஞ்சுடும்."

காபியை ஒரு வாய் குடித்தார். "நல்லாத்தான் இருக்கு. நான்தான் நல்ல காபி குடிச்சுப் பழகிட்டேன்."

பன்னிரண்டு வருடமாக இதையெல்லாம் கேட்டுவிட்டு, சமையலறைக்குள் போய்ப் பல்லைக் கடித்துக்கொள்வேன். அன்றைக்குத்தான் மண்டையில் உறைத்தது. மூலத்தில் சீமாட்டியும் அந்தப் பெண்ணின் சின்ன வீட்டைப் புகழ்ந்துதானே கொல்கிறாள்! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

அண்ணி போன கையோடு உட்கார்ந்து எழுதினேன். சீமாட்டி பிரமாதமாக வந்துவிட்டாள். ஏழைப் பெண்தான் வரவில்லை. 'உங்கள் உபசாரத்தில் ஒரு வார்த்தையையும் மறக்கமாட்டேன்' என்பதுதான் அவள் பதில். நான் எழுதினால் அது ஆண்டுவிழா நன்றியுரை மாதிரி இருந்தது. காரணம் எனக்கே தெரியும். பன்னிரண்டு வருடத்தில் நான் ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை. எனக்கு வராதது அவளுக்கு எங்கிருந்து வரும்?

வெள்ளிக்கிழமை காலை, மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை எடுக்க அண்ணி வந்தார். அதை மாட்டிக்கொண்டு மேசைமேல் இருந்த தாள்களைப் புரட்டினார்.

"இன்னும் இதையேதான் கட்டிட்டு அழுறியா? பாவம், உனக்கு வேற என்ன தெரியும்?"

என் குரல் பதறவில்லை.

"வேற ஒண்ணும் தெரியாது அண்ணி. அதான் நீங்க சொல்றதையெல்லாம் பத்திரமா வெச்சுக்கிறேன். பன்னிரண்டு வருஷத்துல ஒரு வார்த்தைகூட மறக்கல. எப்பவாவது உதவும்னு தெரியும்."

என் கணவர் செய்தித்தாளுக்குள் முழுசாக மறைந்துபோனார். அண்ணியின் விரல் ஒரு வரியில் நின்றது. சீமாட்டி வாயில் நான் போட்டிருந்த, வீடு பெருக்குகிற வரி. முகம் சுருங்க, "வரேன்" என்று கிளம்பிவிட்டார். எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

சூடு ஆறுவதற்குள் அந்தப் பெண்ணின் பதிலை எழுதி அனுப்பினேன். மாலையில் பதிப்பாசிரியர் கூப்பிட்டார். "இப்பத்தான் அந்தப் பொண்ணு வாயைத் திறந்திருக்கா. அடுத்த அத்தியாயத்தை ஆரம்பிங்க."

ஒரு மாதம் கழித்து அண்ணி வந்தார். காபியைக் கொடுத்தேன். குடித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்தார்.

"இதையும் எழுதிடுவியா?"

"நல்லா இருந்தா எழுதுவேன் அண்ணி."

"காபி நல்லா இருக்கு," என்றார். அத்தோடு நிறுத்திக்கொண்டார்.