பிஸ்கட் டப்பா இல்லாத வார்டு

“அந்த பிஸ்கட் டப்பா எங்க, சிஸ்டர்?”

“எந்த டப்பா, சார்?”

“சிவப்பு மூடி போட்டது. நர்ஸ் ரூம்ல—”

“எனக்கு சுகர். பிஸ்கட் பக்கமே நான் போறதில்ல—”

“பிஸ்கட்ட யாரு கேட்டா? உள்ள மருந்து இருக்கு—”

“பாத்தீங்களா?”

“பாத்திருந்தா உங்கள ஏன் கேக்கப் போறேன்!”

ஆண்கள் அறுவைசிகிச்சை வார்டின் தலைமை நர்ஸும் மருந்தகப் பொறுப்பாளரும் இப்படி ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு நின்றது பட்டப்பகலில், வார்டே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க. வீட்டில் அவன் அவளுக்குக் கொழுந்தன். கல்யாணம் ஆகும்வரை ஒன்பது வருஷம் அவள் கையால் சாப்பிட்டவன். ஆனால் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிவிட்டால் அண்ணியும் கிடையாது, தம்பியும் கிடையாது, சிஸ்டர், சார். அந்தச் சட்டம் அவன் போட்டது.

சண்டைக்குக் காரணம் மூலையில் நின்றது. ஆளுயர மருந்துப் பெட்டி, நெற்றியில் ஒரு திரை, உடம்பெல்லாம் இழுப்பறை. விரலை வைத்து, நோயாளியின் பெயரைத் தொட்டால் ஒரே ஒரு இழுப்பறை திறக்கும், உள்ளே எத்தனை இருக்கிறதென்று எண்ணிச் சொன்னால்தான் எடுக்க விடும். இருப்பு குறைந்தால் தானாகவே மருந்தகத்துக்குச் செய்தி போகும். காலாவதியானது எதுவும் அடியில் கிடந்து மக்குவதில்லை. நல்ல சாமான்தான், அவளே ஒத்துக்கொள்வாள். ஆனாலும் நர்ஸுகள் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. வார்டிலேயே குளுகுளு இடம் அதற்குத்தான். மூன்று தரம் கேட்டால்தான் வாயைத் திறக்கும். கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொன்னாலோ, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

அங்கேதான் டப்பா பிறந்தது. டாக்டர் மருந்தை மாற்றிவிட்டால், எடுத்த ஊசியைத் திருப்பி வைக்க ஒன்பது கேள்வி, இரண்டு பேர் விரல். பதினாறு கட்டிலுக்கு இரண்டே நர்ஸ். பிரிக்காத ஊசியைக் குப்பையில் போட யாருக்கு மனசு வரும்? டப்பாவுக்குள் போட்டார்கள். மாப்பிள்ளை முறுக்கிக்கொண்ட நேரத்தில் டப்பா கைகொடுத்தது. திங்கட்கிழமைதோறும் அவளே உட்கார்ந்து தேதி பார்ப்பாள்.

“மூணு மணிக்கு கமிட்டி வருது” என்றான். “பெட்டியில இருக்கறத தவிர வார்டுல ஒரு மாத்திரை இல்லன்னு நான் காட்டணும். டப்பாவக் குடுத்துட்டு இதுல கையெழுத்துப் போடுங்க.”

சட்டைப் பையிலிருந்து மெமோ வந்தது. மருந்து பதுக்கிய குற்றத்துக்காகச் சலவைப் பிரிவுக்கு மாற்றம்.

“இருபத்தாறு வருஷம் ஊசி போட்ட கை, இனி போர்வை எண்ணணுமா?”

“எண்ணிக்கை சரியா இருந்தா—” என்றவன் பாதியில் நிறுத்திவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டான். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. போன வருஷம் படுத்தி எடுத்த அதே சிறுநீரகக் கல்.

காலியாக இருந்த ஒன்பதாம் கட்டிலில் போட்டார்கள். டாக்டர் வந்தார், அமுக்கினார், அலறவைத்தார், வலிக்கு ஊசி எழுதினார், ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினார்.

அவள் மாப்பிள்ளையிடம் போய் விரலை வைத்தாள். திரை சொன்னது: புதிய நோயாளி. மருந்தாளர் ஒப்புதல் தேவை.

“இன்னொரு மருந்தாளர் எங்க, சார்?”

“டிரெய்னிங் அனுப்பிருக்கேன்... மூணு நாள்.”

“எதுக்கு?”

“இந்தப் பெட்டிய ஓட்டறதுக்குத்தான்.”

கட்டிலையே தள்ளிக்கொண்டு போய் அவன் விரலை எடுத்து வைத்தார்கள். திரை யோசித்தது. மருந்து பெறுபவர் தமக்குத் தாமே ஒப்புதல் தர இயலாது.

“இது யாரு வச்ச சட்டம்?”

“...நான்தான்.”

“அவசரத்துக்குன்னு ஒரு பட்டன் இருந்துச்சே?”

“எடுக்கச் சொல்லிட்டேன். ரிப்போர்ட்டுல செவப்பு செவப்பா வந்துச்சு.”

“அவசரப் பிரிவுல வாங்கிட்டு வரட்டுமா?”

“அங்கயும் இதே பெட்டிதான்... இதே விரல்தான்.”

“வெளிய கடையில?”

அவன் கை வாசல் பக்கம் நீண்டது. வாசலில் தொங்கிய பலகையை எல்லாரும் பார்த்தார்கள்: வெளி மருந்துகளுக்கு அனுமதி இல்லை. கீழே அவன் கையெழுத்து.

ஏழாம் கட்டில் பெரியவருக்குப் பொறுக்கவில்லை. “முந்தாநேத்து எனக்கும் இப்படித்தான் சார் உயிர் போச்சு. சிஸ்டர் எங்கேருந்தோ ஒண்ணு கொண்டுவந்து போட்டாங்க, அஞ்சே நிமிஷம், குறட்டை விட்டுட்டேன்.”

“ஐயா, நீங்க படுங்க” என்று அவள் கண்ணை உருட்டினாள்.

கட்டிலில் கிடந்தவன் அவள் முந்தானை என்று நினைத்து யூனிஃபார்ம் ஓரத்தைப் பிடித்தான். “அண்ணி.”

அந்த வாசலுக்குள் அந்த வார்த்தை ஆறு வருஷமாகக் கேட்டதில்லை.

“அண்ணி, டப்பா...”

“எந்த டப்பா, சார்?”

“என்னால முடியல, அண்ணி.”

அவள் விறுவிறுவென்று நர்ஸ் ரூமுக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் தட்டு, தட்டில் ஊசி. மருந்தின் பெயரையும் தேதியையும் உரக்கப் படித்தாள், டாக்டர் எழுதியதோடு ஒத்துப் பார்த்தாள், பஞ்சால் துடைத்தாள், குத்தினாள். கண்டிப்பில் ஒரு குறையும் இல்லை.

இரண்டே முக்காலுக்கு அவன் முகத்தில் ரத்தம் ஓடியது. எழுந்து உட்கார்ந்தான். தலையைக் கோதினான். பையைத் தொட்டுப் பார்த்தான். மெமோ அங்கேயேதான் இருந்தது, அவள் அதைத் தொடவில்லை. லேசாக இருமி, “சிஸ்டர்” என்று ஆரம்பித்தான்.

வராந்தாவில் பூட்ஸ் சத்தம். கமிட்டி பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டது.

அவள் அவனுடைய கேஸ் ஷீட்டைக் கட்டில் மேஜையில் விரித்து, பேனா மூடியைக் கழற்றினாள்.

“ஊசி போட்டது எழுதியாச்சு, நேரம் எழுதியாச்சு. மருந்து எங்கேருந்து எடுத்ததுன்னு இங்க நீ ஒரு கட்டம் போட்டு வச்சிருக்க பாரு, அதுல என்ன எழுதட்டும், தம்பி?”