அண்ணன் முன்னால் நிமிராதவர்

மூங்கில் வெட்டி, பச்சை ஓலை பின்னி, சவத்தைத் தூக்கி வைத்த பிறகுதான் பாடை குட்டை என்று தெரிந்தது. காத்தவராயனின் கால்கள் இரண்டும் கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் வரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சங்கு ஊதுகிறவனே ஊதுவதை நிறுத்திவிட்டான்.

"முட்டிய மடக்கிக் கட்டிரலாம், நேரமாவுது" என்றான் பாடை கட்டிய பாலகுரு.

"மடக்கக் கூடாது" என்றாள் தையல்நாயகி.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. புருஷனைப் பறிகொடுத்தவள் அழுவாள், மயங்கி விழுவாள். பாடை கட்டுகிறவனிடம் மல்லுக்கு நிற்பாள் என்று யார் கண்டது? அவளுக்கோ எது எப்படிப் போனாலும் சரி, அவரை மடக்கி மட்டும் அனுப்பக் கூடாது.

"அளவெடுக்காமயா கட்டுன?"

"பொணத்த அளக்கக் கூடாதும்மா. கூடப் பொறந்தவர நிக்க வச்சுத்தான் அளப்போம். பெரியவர அளந்தேன்."

பெரியவர் கிருஷ்ணசாமி, காத்தவராயனின் அண்ணன், பக்கத்திலேயே நின்றார். கடல் வெயிலில் கறுத்து வற்றிய குள்ள உருவம். "எம்மாட்டந்தான், கொஞ்சம் கூட இருப்பான்னு நாந்தாம்மா சொன்னேன்" என்றார். தம்பியின் கால்களை யாருடைய கால்களோ என்பதுபோலப் பார்த்தார்.

தையல்நாயகிக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. புருஷனின் மார்புக்குக்கூட எட்டாதவர் இந்த அண்ணன். ஆனால் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

அப்பன் கடலோடு போன பிறகு, வலை இழுத்துத் தம்பியைக் காலேஜ் வரைக்கும் படிக்க வைத்தவர் அவர். அந்தக் காலேஜில்தான் காத்தவராயன் பாஸ்கெட் பந்தைப் பிடித்தார். அவ்வளவுதான், பிறகு அவரைப் பிடிக்க ஆளில்லை. காப்டன் ஆனார். காரைக்கால், மதராஸ் என்று போய் ஜெயித்து வந்தார். வெள்ளைக்கார வாத்தியார்களே அவரை அண்ணாந்து பார்த்துத்தான் கை குலுக்குவார்களாம். சாயங்காலம் படகு தள்ளுகிற நேரமாதலால் அண்ணன் ஓர் ஆட்டமும் பார்த்ததில்லை. அப்புறம் எஞ்சினியர் வேலை. பிரெஞ்சுக்காரன் போனதும் பெரிய எஞ்சினியராகவே ஆக்கினார்கள். ஊரில் பாதித் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் அவர் கொண்டுவந்ததுதான்.

அப்பேர்ப்பட்ட மனுஷன், அண்ணன் தலை தெரிந்தால் தரையில் உட்கார்ந்துவிடுவார். நிற்க வேண்டி வந்தால் தோளைத் தொங்கவிட்டு, முட்டியைத் தளர்த்தி, கழுத்தைத் தாழ்த்திக்கொள்வார். குனியாமல் நடக்கவென்றே கருவடிக்குப்பத்தில் உயர உயரமாய் வாசல் வைத்து வீடு கட்டினார். அண்ணன் வந்தால் அந்த வாசலிலும் குனிந்துதான் வருவார். ஏன் இந்தக் கூத்து என்று அவள் ஒரு தரம் சண்டையே போட்டாள்.

"என்ன வளத்தவரு என்ன அண்ணாந்து பாக்கக் கூடாது, தையலு" என்றார்.

நல்ல மரியாதை! அது இப்போது பாடை வரைக்கும் வந்து நிற்கிறது. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது, அதோடு அழுகையும்.

"மாமா, ஒங்க முன்னாடி அவரு ஒரு நாளும் நிமிந்து நின்னதில்ல. நீங்க அண்ணாந்து பாக்கக் கூடாதுன்னு குறுகிக் குறுகியே நின்னாரு. இன்னிக்காவது நீட்டிப் படுக்கட்டும்."

கிருஷ்ணசாமி பாடைக்குக் கிட்டே போய்த் தம்பியின் பாதங்களைத் தொட்டார். "இம்மாம் ஒசரமாடா நீ?" என்றார். காலையிலிருந்து கல்லாக நின்றவர் அப்போதுதான் உடைந்து அழுதார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவுத்துக் கட்டு, பாலகுரு" என்றார்.

"எத வச்சு அளக்கறது?"

"என்ன அளங்க." கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அந்துவான் வந்தார். காத்தவராயனோடு ஒரே அணியில் ஆடிய கிறிஸ்தவர். "நாங்க ரெண்டு பேரும் ஒரே ஒசரம்."

"ஐயையோ! உசுரோட இருக்கறவரு, அதுவும் வேதக்காரரு, பாடைக்கு அளவு குடுக்கறதாவது!" என்று ஒரு கிழவி பதறினாள்.

"பரவால்ல, ஆயா. அவனுக்குத்தான?" அந்துவான் காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நின்றார்.

பாலகுருவிடமிருந்து கயிற்றைக் கிருஷ்ணசாமியே வாங்கினார். ஒரு முனையைத் தரையில் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை மேலே இழுத்தார். உச்சிக்கு எட்டவில்லை. அந்துவான் இரக்கப்பட்டுக் கழுத்தைத் தாழ்த்தினார்.

"குனியாதீங்க" என்றார் கிருஷ்ணசாமி. குதிகாலைத் தூக்கி, கயிற்றை உயர்த்திப் பிடித்தபடி, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.