தபசு காலத்துக் கெண்டை

முல்லையாற்றங்கரை பங்களாவில் நான் சமையல்காரன். பெயர் மரிய ஜோசப். வருஷத்துக்கு ஒரு தடவை, மார்ச் மாதத்தில், மலையிலிருந்து எஸ்டேட் துரை மீன் பிடிக்க இறங்கி வருவார். பிடிக்கிறார் என்றுதான் பேர். தூண்டில் முள்ளில் சேவல் இறகைச் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டி, அதைத் தண்ணீர்மேல் வீசுவார். மீன் கவ்வினால் இழுத்து, அளந்து, முத்தம் கொடுக்காத குறையாகத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார். மசாலா அரைத்து வைத்துக்கொண்டு பார்த்து நிற்பவனுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். போதாக்குறைக்கு, அவர் தங்கியிருக்கும்வரை வேறு யாராவது ஆற்று மீனைத் தொட்டால் வேலை போய்விடும் என்று உத்தரவு வேறு.

ஒரு வருஷம் அவர் தங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமையில்தான் என் மகள் வியாகுலமேரியைத் தன் மகனுக்குப் பார்க்கத் தேவாரம் ஊர் மாதா கோவில் உபதேசியார் வந்தார். பொய் சொன்ன பிள்ளைகளைக் கோவிலில் முழங்காலில் நிறுத்துகிற கறாரான மனிதர். மூன்று இடம் பார்த்து மூன்றையும் தட்டிக் கழித்தவர். மேரிக்கோ அந்தப் பையன்மேல் உயிர். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்து வெள்ளி என்பதால் இறைச்சியை வாயில் வைப்பது பாவம், மீன் மட்டும் ஆகும். "ஆத்து மீன் கொழம்பு வைக்கிறோம், வாங்க" என்று நானும் வீறாப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தேன்.

காலையில் துரையின் முள்ளில் ஒரு பெரிய கெண்டை மாட்டியது. அரைமணி நேரம் இழுபறி. கடைசியில் கயிறு அறுந்து, முள்ளோடு மீன் போய்விட்டது. துரை தொப்பியைத் தரையில் அடித்துவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், கீழே துவைக்கிற கல்லருகே அதே கெண்டை களைத்துப்போய்ப் புரண்டுகொண்டிருந்தது. என் கையில் கூடை இருந்தது. கவிழ்த்துவிட்டேன். ஆண்டவர் கொடுத்ததைத் திருப்பி விட நான் என்ன துரையா?

மத்தியானம் பங்களாவுக்குப் பின்னால் இருக்கும் என் வீட்டில் உபதேசியார் இலை முன் உட்கார்ந்தார். மரியாதைக்கு மீன் தலையை அவருக்கே வைத்தோம். ரசித்துச் சப்பிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, வாயிலிருந்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சிவப்புச் சேவல் இறகு!

"ஏப்பா, தபசு காலத்துல கோழியடிச்சு, மேலாக்க மீனப் போட்டு எனக்கு ஊத்துறியா?" என்று எழுந்துவிட்டார்.

"மாதா சத்தியமாக் கோழியில்லைங்க!" என்றாள் என் மனைவி இருதயம்மாள்.

"அப்ப மீனுக்கா எறகு மொளைச்சிருக்கு?"

இறகுக்குள் இருக்கிற முள்ளைக் காட்டி, இது துரையின் தூண்டில் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் சத்தம் கேட்டு துரையே வாசலில் வந்து நின்றார். சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் சம்பந்தம் போகும். கதவுக்குப் பின்னால் மேரி விசும்புவது கேட்டது. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அது தொரையோட தூண்டிலுங்க. காலையில தப்பிச்ச கெண்டைய நான்தான் பிடிச்சேன்."

துரை உள்ளே வந்து இறகை வாங்கிப் பார்த்தார். முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. "என் பூச்சி!" என்றார். குழம்புச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"எவ்வளவு நீளம்?" என்று கேட்டார் துரை.

முழங்கை நீளம் இருந்த மீன்தான். ஆனால் அவர் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்ததும், என் இரண்டு கைகளும் தாமாக ஒரு கஜத்துக்கு விரிந்தன. துரைக்கு வாயெல்லாம் பல். இருந்தாலும் சந்தேகம். உபதேசியார் பக்கம் திரும்பினார்.

"நீ கோவில் ஆள். பொய் சொல்லாது. நீ சொல்லு."

உபதேசியார் பார்த்தது தலையை மட்டும். அவர் என்னைப் பார்த்தார். விசும்பல் வந்த கதவைப் பார்த்தார். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக இரண்டு கைகளையும் விரித்தார். ஒரு கை சுவரில் முட்டியது.

"சம்பந்தி கொறைச்சுச் சொல்றாக, தொரை" என்றார்.